ஒப்பமிடுவோன் கடன்

நூலைச் செய்தவன் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கும். அந்நூலைப் படித்துக் குற்றங்கண்டு திருத்துவித்தவன் பெயரை எளிதில் மறந்துவிடும். இப்பொது வழக்குக்குத் தமிழிலே பழமையான விதிவிலக்கொன்று உண்டு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப்பாயிரம், நூலாசிரியன் பெயரைக் கூறுவதோடு அமையாது, நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அந்நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசான் பெயரையும் பொறித்து வைத்துள்ளது. நச்சினார்க்கினியர் தம் உரையில் இதுபற்றி ஒரு கதையும் கூறுவர். அகத்தியர் தம் மாணாக்கர்மீது கொண்ட சினத்தால், அந்நூலைக் கேட்கவேண்டாமென அதங்கோட்டாசானைத் தடுத்தார். தொல்காப்பியரோ பலகாலும் வந்து, கேட்டருளவேண்டுமென வேண்டினார். இருவர் மனமும் நோகாதிருக்க, நூலைக் கேட்டுக் குற்றங்கூறி விட்டுவிடலாமென ஆசான் எண்ணினார். ஆயின் அவர் எழுப்பிய வினாக்களுக்கெல்லாம் குற்றந்தீர விடை கிடைத்தது, நூல் அரங்கேறியது.

கதை மெய்யோ பொய்யோ, அதனுட் பொதிந்துள்ள நிலைமை மெய்யானது. பிறர் ஆக்கத்தைப் பரிசீலிப்பவன், 'ஏற்காதே' என்பவருக்கும் 'விரைந்து ஏற்றுக்கொள்' என்பவருக்கும் இடையில் நிற்கிறான். அந்த நெருக்குதலின் நடுவே, 'யான் பார்த்தேன். இது தகும்' என்று அவன் சொல்லும் சொல்லின் பொருள் யாது? அச்சொல்லால் அவன் எதற்குப் பொறுப்பாளியாகிறான்? இவ்வினாவை எனக்கு அண்மையில் எழுப்பியவன் என் பழைய மாணவன் ஒருவன்.

கொழும்பிலே மென்பொருள் நிறுவனமொன்றில் அவன் தொழில் பார்க்கிறான். சக ஊழியர் எழுதிய நிரல் வரிகளைப் படித்துக் குறைநிறை கூறி ஒப்பமிடுவது அவன் வேலையின் ஒரு பகுதி. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது மாலையொன்றில் வீட்டுக்கு வந்தான். நெடுநேரம் ஊர்ப்புதினம் பேசியிருந்துவிட்டுக் கேட்டான்: "ஒரு திருத்தத்தை வரிக்கு வரி வாசிச்சுப்போட்டன், சேர். இரண்டு சந்தேகம் கிடக்கு. அந்தச் சில்லை நான் கையாலை தொட்டதும் இல்லை. நாளைக்கிடையிலை கையெழுத்து வேணுமெண்டு நிக்கினம். போடலாமோ?"

கணினி பற்றித் தமிழாசிரியனிடம் கேட்டுப் பயனில்லை என்பதை அவன் அறிவான். அவன் கேட்டது அறம் பற்றிய வினா. எனினும், பொருளை அறியாது அறம் உரைப்பது எளிது, பயனற்றது. ஆதலால் முதலில் அவனையே ஆசிரியனாகக் கொண்டு விடயத்தைக் கேட்டறிந்தேன். பின்னர் நானும் தேடிப் படித்தேன்.

கணினியினுள் மையச் செயலிக்கும் பிற உறுப்புகளுக்கும் இடையே செய்தி சென்றுவரும் கம்பித் தொகுதியை ஆங்கிலத்தில் 'பஸ்' என்பர். தமிழிற் 'பாட்டை' என்றும் வழங்குவர். சிறு கருவிகளிற் பெரிதும் பயிலும் பாட்டையொன்றைப் பிலிப்ஸ் நிறுவனம் 1982 ஆம் ஆண்டில் வகுத்தது. ஐ-டூ-சி எனப்படும் அதற்குக் கம்பிகள் இரண்டே. ஒன்று செய்தியைச் சுமப்பது. மற்றது தாளங் கொடுப்பது. வெப்பமானி, கடிகாரம், மின்கலத்தின் அளவுகாட்டி முதலிய பல சில்லுகள் அவ்விரு கம்பிகளையே பொதுவிற் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. ஏழு பிட்டுகளாலான முகவரி முறையில் 128 முகவரிகள் அமையும். அவற்றுள் 16 வேறு தேவைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. எட்டு பிட்டுகள் சென்று முடிந்ததும், ஒன்பதாவது துடிப்பின்போது, செய்தியைப் பெற்ற உறுப்பு கம்பியைத் தாழ இழுத்து 'வந்து சேர்ந்தது' என்று அறிவிக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இக்கம்பிகளை எந்த உறுப்பும் தாழ இழுக்கலாம். உயர்த்துவதற்கோ எல்லா உறுப்புகளும் கைவிட்டு நிற்கவேண்டும். ஆகவே, ஒரேயொரு சில்லு இடைநடுவிற் சிக்குண்டு செய்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டால், ஏனைய அனைத்தும் ஊமையாகிவிடும். அவ்வேளை தாளக் கம்பியில் ஒன்பது துடிப்புகள் வரை கொடுத்து, சிக்கிய சில்லு தன் சொல்லை முடித்துக்கொண்டு கம்பியை விடுமாறு செய்ய முயல்வது வழக்கம்.

இப்போக்குவரத்தையெல்லாம் நடத்துவது சாதனச் செலுத்தி எனப்படும் நிரல். என் மாணவன் முன் வந்தது அத்தகைய செலுத்தியொன்றின் திருத்தம். நாற்பது வரிகளுக்கு மேற்படாதது. மருந்துகளைக் குளிரிற் காக்கும் பெட்டியொன்றின் வெப்பநிலையை வாசிக்கும் பாட்டைக்கு உரியது. பாட்டை சிக்கினால் மூன்றுமுறை முயன்று விடுவிப்பதே அத்திருத்தத்தின் நோக்கம். நல்ல நோக்கம். ஆயின் மூன்று முயற்சியும் தவறினால் என்ன நிகழும்? அவன் வரிகளைப் பின்தொடர்ந்து சென்றான். முயற்சிச் சுழலிலிருந்து வெளியேறும் நிரல், 'தவறிற்று' என்று அறிவிக்காது, 'முடிந்தது' என்றே திரும்பியது. எண்ணைத் தாங்கும் கலத்தில் முன்பு வாசித்த எண் அப்படியே கிடக்கும். பெட்டியின் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கையில், முகப்பிலே 4 பாகை என்ற எண் அசையாது நிற்கும். தடுப்பூசி மருந்துகளிற் பெரும்பாலானவை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்கப்படவேண்டியவை என்பதை நாம் அறிவோம். அந்த அசையாத எண்ணை நம்பி மருந்தேற்றும் தாதிக்கும், ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கும், நாற்பது வரிகள் பற்றி எதுவும் தெரியாது.

இது அவனுடைய முதலாவது ஐயம். எழுதியவரிடம் கேட்டபோது, மூன்றுமுறையும் தவறுவது நடவாத காரியம் என்று விடை வந்ததாம். இரண்டாவது ஐயம் வேறு வகையினது. ஒன்பது துடிப்புகளை அந்தக் குறிப்பிட்ட சில்லு எவ்வாறு பொருள்கொள்ளும் என்பதை வரிகளைப் படித்து அறிய முடியாது. சில்லை வைத்து இயக்கிப் பார்த்தே அறியவேண்டும்.

இந்த இரண்டாவது ஐயத்தை மிகையான அச்சம் என்று தள்ளிவிடலாகாது. இத்துறையின் வரலாற்றிலே அதற்குச் சான்று உண்டு. பாட்டையில் எந்தெந்த முகவரியில் உறுப்புகள் உள்ளன என்று அறிய, முகவரியை மட்டும் எழுப்பி விடை வருகிறதா என்று பார்க்கும் முறையொன்று இருந்தது. எந்தத் தரவையும் எழுதாத அம்முறை, கதவைத் தட்டிப் பார்ப்பது போன்றது. ஆயின், ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பாட் மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த அட்மெல் நிறுவன நினைவகச் சில்லு, தன் அமைப்பின் விசித்திரத்தால், அவ்வாறு தட்டியதையே தவறாகப் பொருள்கொண்டு தன் உள்ளடக்கத்தைக் கெடுத்துக்கொண்டது. கணினிகள் எழும்பாமற் போயின. அம்முறையைக் கையாளவேண்டாம் என்ற எச்சரிக்கை, அதற்குரிய லினக்ஸ் கருவியின் கைந்நூலில் எழுதி வைக்கப்பட்டுள்ளது. நிரலில் எழுத்துப்பிழை எதுவும் இருக்கவில்லை. தருக்கம் முழுதும் சரியாயிருந்தும் உலகம் வேறு விதமாக இருந்தது. வன்பொருளோடு பேசும் நிரலைப் பரிசீலிப்பவன் இவ்வுண்மையை மறத்தல் கூடாது. சொல்லின் உள்ளே உள்ள குற்றத்தைச் சொல்லைப் படித்துக் காணலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள குற்றத்தைப் பொருளிடம் சென்றே காணவேண்டும்.

அப்படியாயின், சில்லைத் தொடாத என் மாணவன் ஒப்பமிடவே கூடாதா? அவ்வாறு கொள்வதும் பொருந்தாது. எல்லாவற்றையும் அறிந்தவனே ஒப்பமிடலாம் என்று விதித்தால் ஒப்பமிட ஒருவனும் மிஞ்சான். இங்கே லினக்ஸ் எனும் பணிசெயல் முறைமையைக் கூட்டாக ஆக்கிவருவோர் கண்ட வழக்கம் சிந்திக்கத்தக்கது. 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த அப்பணியில், இன்று உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்கின்றனர். எவரும் தம் திருத்தத்தை மின்னஞ்சல்வழி பலர் பார்வைக்கு முன்வைக்கலாம். நீக்கிய வரிகள் கழித்தற் குறியோடும், சேர்த்த வரிகள் கூட்டற் குறியோடும் நிற்கும். திருத்தம் எதற்காக என்பதை எழுதியவர் முகப்பிலே விளக்கவேண்டும். பார்ப்போர் வரியின் கீழேயே தம் வினாவை எழுதுவர். எழுதியவர் திருத்தி இரண்டாம் முறை, மூன்றாம் முறை அனுப்புவர். முடிவில் திருத்தம் ஏற்கப்படும்போது பரிசீலித்தவர் பெயரும் அதனோடு நிலையாகப் பதிவாகும். அதங்கோட்டாசான் பெயர் பாயிரத்தில் நிற்பது போன்றதே இதுவும்.

சிறப்பு யாதெனின், அங்கே ஒப்பம் ஒரேவகைப்பட்டதன்று. எழுதியவரும் கைமாற்றியவரும் இட்டு, இத்திருத்தத்தை வழங்கும் உரிமை எமக்குண்டு என்று உறுதிகூறும் ஒப்பம் ஒன்று. இது 2004 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அப்பகுதிக்குப் பொறுப்பானவர் 'எனக்கு உடன்பாடே' என்று கூறுவது மற்றொன்று. 'இயக்கிப் பார்த்தேன்' என்பது வேறொன்று. 'பரிசீலித்தேன்' என்பது தனியானது. அதற்கு நான்கு உறுப்புகள் கொண்ட பொருள்வரையறையும் உண்டு. நுணுகிப் பார்த்தேன், கண்ட குறைகளை எழுதியவருக்குத் தெரிவித்து, கிடைத்த விடையில் நிறைவுற்றேன், மேலும் செம்மைப்படுத்த இடமிருப்பினும் அறிந்த குற்றம் எதுவும் இதில் இல்லை, இது தக்கதென நம்புகிறேன், ஆயின் உத்தரவாதம் தரவில்லை. இவையே அந்நான்கின் சாரம்.

இறுதி உறுப்பைக் கண்டு, இது தப்பித்துக்கொள்ளும் உபாயம் என்று சிலர் நகைக்கக்கூடும். எனக்கு அது நேர்மையின் உச்சமாகவே தோன்றுகிறது. 'குற்றமே இல்லை' என்பதற்கும் 'நான் அறிந்த குற்றம் இல்லை' என்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. முன்னதைக் கூற மனிதனால் இயலாது. பின்னதைக் கூற இயலும். ஆனால் கூறுவதற்கு முன் அவன் உண்மையில் அறிய முயன்றிருக்க வேண்டும். உத்தரவாதம் தராமை அவனை உழைப்பிலிருந்து விடுவிக்கவில்லை. முதல் மூன்று உறுப்புகளும் அவனை உழைப்போடு கட்டிவைத்த பின்னரே நான்காவது வருகிறது.

இவ்வளவிலே வினாவின் ஒரு பாதிக்கு விடை கிடைத்துவிடுகிறது. அறிந்த குற்றத்தை வைத்துக்கொண்டு ஒப்பமிடுதல் பொய். காலக்கெடு அதனை மெய்யாக்கிவிடாது. அறியாத பகுதியைப் பொறுத்தவரை, 'இதுவரை பார்த்தேன். இதற்கப்பால் பார்க்கவில்லை' என்று எழுதி ஒப்பமிடுதல் மெய். அறியாமையை மறைத்த ஒப்பமே தீங்கு செய்கிறது. ஏனெனில், அடுத்து வருபவன் அவ்வொப்பத்தைக் கண்டு, பார்க்கவேண்டியதைப் பார்க்காது விடுகிறான். பாட்டையின் ஒன்பதாவது துடிப்பு 'வந்து சேர்ந்தது' என்று மட்டுமே கூறும். 'விளங்கிற்று' என்று கூறாது. நம்மிடையே இடப்படும் ஒப்பங்களுட் பல அந்த ஒன்பதாவது துடிப்புக்கு மேற்பட்டவையல்ல.

இதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூறிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தவணை முடிவில் மாணவரின் பயிற்சிக் கொப்பிகள் மேசையில் மலைபோற் குவிந்திருக்க, பக்கந்தோறும் சிவப்பு மையாற் சரியிட்டு, அடியிலே கையெழுத்தும் தேதியும் வைத்துத் தள்ளிய நாள்கள் எனக்குண்டு. அவற்றுள் எத்தனை பக்கங்களைப் படித்தேன்? பிழையான வாக்கியத்தின்மேல் என் சரிக்குறியைக் கண்ட பிள்ளை, அப்பிழையை ஆசிரியன் சான்றோடு கூடிய உண்மையாகவே வீட்டுக்குக் கொண்டுசென்றிருக்கும். குறியிடாது விட்டிருந்தாற்கூட அதற்கு ஐயமாவது எஞ்சியிருக்கும்.

வினாவின் மறுபாதி தனிமனித அறத்துக்குள் அடங்குவதன்று. பார்வையாளர் பலராயின் எந்தப் பிழையும் மறைந்திருக்க இயலாது என்ற கருத்தை 1990 களின் பிற்பகுதியில் எரிக் ரேமண்ட் என்பார் முன்வைத்தார். அது பெரிதும் போற்றப்பட்டது. ஆயின் பார்வையாளர் பலர் என்பது பல வேளைகளில் நம்பிக்கையாகவே இருந்தது. எல்லாரும் பார்க்கலாம் என்ற நிலை, எவரோ பார்த்திருப்பர் என்ற எண்ணத்துக்கு இடங்கொடுத்தது.

2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிப்பட்ட நிகழ்ச்சி இதற்கு எடுத்துக்காட்டு. எக்ஸ்-இசட் எனும் தரவுச் சுருக்க மென்பொருள், உலகின் எண்ணற்ற கணினிகளில் இடம்பெற்றது. அதனைப் பேணிவந்தவர், தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைத்துக் களைத்த ஒருவர். புனைபெயர் கொண்ட ஒருவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி அவருக்கு உதவினார். வேலை மந்தமாக நடக்கிறதென்று முகந்தெரியாத சிலர் அவரை நெருக்கினர். பொறுப்பு மெல்லமெல்லப் புதியவர் கைக்கு மாறியது. பின்னர், பிறர் கணினியுள் நுழையும் கள்ளவாயிலொன்று, பரிசோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் மறைத்து வைக்கப்பட்டது. தொலைவிலிருந்து கணினியுள் நுழைவதற்கு அரை வினாடியளவு கூடுதலாகச் செல்வதைக் கவனித்த பொறியியலாளர் ஒருவர், காரணத்தைத் துருவிச் சென்றதால் அது பிடிபட்டது. கோடிக்கணக்கில் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் தங்கியிருந்த பொதுச்சொத்தின் காவல், களைத்துப்போன ஒரு மனிதரின் இரவுப் பொழுதிலே தங்கியிருந்தது. ஆக்கியதை எல்லாரும் எடுத்துக்கொள்கின்றனர். காப்பதற்கான உழைப்பை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. படித்துப் பார்ப்பது உழைப்பு என்பதை ஏற்காத சமுதாய அமைப்பு, படிக்காத ஒப்பங்களையே உற்பத்தி செய்யும்.

இவ்வுழைப்பை அவமதித்த நிகழ்ச்சியொன்றும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலர், பரிசீலிப்போர் கண்டுபிடிப்பரா என்று சோதிக்க, வேண்டுமென்றே குறைபாடு வைத்த திருத்தங்களை லினக்ஸ் குழுவினருக்கு அனுப்பினர். 2021 ஆம் ஆண்டு ஏப்ரலில் அது பெரும் சர்ச்சையாகி, அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகள் தடுக்கப்பட்டன. ஆய்வாளர் மன்னிப்புக் கோரி ஆய்வுரையை மீட்டுக்கொண்டனர். அங்கிருந்து வந்த நூற்றுக்கணக்கான பழைய திருத்தங்களை மீண்டும் பரிசீலிக்க வேண்டியதாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை பிழையற்றவை என்று கண்டனர். பரிசீலனை முறை பலவீனமானது என்று காட்டியது குற்றமா என ஒருவர் கேட்கலாம். பலவீனத்தைக் காட்டியது குற்றமன்று. நல்லெண்ணத்தோடு உழைப்போரை, அவர்தம் இசைவின்றிச் சோதனைப் பொருளாக்கியதே குற்றம். ஐயுறுதல் பரிசீலிப்போனின் கடமை; அவ்வையம் நிரலின் மேலதாக இருக்கவேண்டும். நிரலை ஐயுறவும் மனிதனை நம்பவும் ஒருங்கே இயலுமாயின்தான் கூட்டுழைப்பு நிலைக்கும்.

இதன் மறுதலையும் உண்மை. நிரலின் குற்றத்தை எழுதியவனின் இழிவாக்கிப் பேசும் பரிசீலனை கூட்டுழைப்பைச் சிதைக்கும். தோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்குப் பேர்போனவர். 2018 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சிலகாலம் பணியிலிருந்து விலகி நின்றார். ஏசப்பட்டவன் அடுத்தமுறை குறைவாகப் பிழைவிடுவான் என்று எண்ணுவோர் உளர். ஆசிரியத் தொழிலில் நான் கண்டது வேறு: ஏசப்பட்டவன் அடுத்தமுறை தன் பிழையை மறைப்பான், அல்லது எழுதுவதையே விட்டுவிடுவான்.

என் மாணவனுக்கு நான் கூறிய விடை சுருக்கமானது. உன் பெயரை இடு. அதனோடு நீ பார்த்ததையும் பார்க்காததையும் எழுது. அறிந்த குற்றம் தீராதவரை இடாதே என்றேன். அவன் அவ்வாறே செய்தான் எனப் பின்னர் அறிந்தேன். மூன்று முயற்சியும் தவறினால் 'தவறிற்று' என்றே நிரல் அறிவிக்கவேண்டும், இல்லையேல் என் ஒப்பம் இல்லை என்று எழுதினான். சில்லோடு இயக்கிப் பார்க்கவில்லை என்றும் எழுதினான். கருவி கைவசமிருந்த இன்னொருவர் அதனை இயக்கிப் பார்த்தார். ஒன்பது துடிப்புகளாற் கேடில்லை என்று தெரிந்தது. அவனது இரண்டாவது ஐயம் வீணானதே. முதலாவது ஐயம் வீணாகவில்லை. அந்த வரிகள் மாற்றி எழுதப்பட்டன. இவற்றுக்கு எட்டு நாள்கள் சென்றன. மேலாளர் அவன்மேல் மகிழ்ச்சி கொள்ளவில்லையாம். மருந்துப் பெட்டியைத் திறக்கப்போகும் தாதி அந்த எட்டு நாள்களைப் பற்றி என்றும் அறியப்போவதில்லை.

ஆசிரியர்களாகிய நாமும், நாளை பல்வேறு அலுவலகங்களில் ஒப்பமிடப்போகும் மாணவர்களும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மதிப்பெண் பட்டியலிலும், மருந்துக் கட்டிலும், பாலத்தின் வரைபடத்திலும், பாட்டையின் செலுத்தியிலும் பதியப்படும் ஒவ்வொரு பெயரும், நாம் அறியாத ஒருவர் தம் ஐயத்தைக் கைவிடுவதற்குக் காரணமாகிறது. அவரிடமிருந்து அவ்வையத்தைப் பெற்றுக்கொண்டவர், அதனைத் தாமே சுமந்து தீர்க்கக் கடமைப்பட்டவர். தீர்க்க முடியாதபோது, தீரவில்லை என்று எழுதி அவரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். அவ்வாறு எழுதுவதற்குரிய நேரத்தையும் ஊதியத்தையும் அச்சமின்மையையும் உழைப்போருக்கு உறுதிசெய்யப் போராடுவதும் அக்கடமையின் பாற்பட்டதே.